வாசகர்கள் திருத்தி வாசிக்கவும்

மார்ச் 1, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. என் வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார், தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கப்போவதாக. மூன்று நாள் குறித்தார். நான்காம் நாள் அளவு முன்னூறைத் தாண்டியதும் டைரியை மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். மீதிப் பக்கங்களை நான் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் யாரிடமாவது புலம்ப வேண்டுமே.

‘ஊர்நலம்’ மாத இதழில் இருபத்திரண்டு வருடமாக உதவி ஆசிரியர். பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பொதுச் சுகாதாரப் பத்திரிகை. முப்பத்திரண்டு பக்கம். அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், பஞ்சாயத்து ஆபீஸ், நூலகம் என்று ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இடங்களுக்கு இலவசமாகப் போகிறது. கொசு, தடுப்பூசி, ரத்தசோகை, கைகழுவுதல். வருடத்துக்கு வருடம் அதே கொசுதான், தலைப்பை மட்டும் மாற்றுவேன்.

இன்று ஆசிரியர் டாக்டர் வில்லவராயன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல செய்தியாக இருக்காது. வாசகர் கருத்துக் கணிப்பு நடத்த வேண்டுமாம். மார்ச் முடிவதற்குள் இருநூறு பதிலாவது வராவிட்டால் ஜூனிலிருந்து பத்திரிகை கிடையாது, செல்போனில் செய்தி அனுப்பினால் போதும் என்று அறங்காவலர் கூட்டத்தில் பேசிவிட்டார்களாம்.

“இருநூறு வந்துரும்லா பகவதி?”

“வந்துரும் சார்” என்றேன். வராது. யாரும் படிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

மார்ச் 2, வியாழன்

காலையில் தோசைக்கு அரைத்து, இவருக்கு மாத்திரை எடுத்து வைத்து, பஸ் பிடித்துப் போவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. கேள்வித்தாளைத் தயார் செய்தேன். இதழ் மாதந்தோறும் கிடைக்கிறதா, எந்தப் பகுதியை முதலில் படிப்பீர்கள், எழுத்தின் அளவு போதுமா என்று மொத்தம் பத்துக் கேள்விகள்.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“நடுப்பக்கத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?”

“அது படம்தான சார். வாசகர்கிட்ட எழுத்தைப் பத்தித்தான கேக்கணும்.”

“எழுத்தை எவன் படிக்கான்? படம்தான் சுவத்துல நிக்கும். சேருங்க.”

எங்கள் இதழின் நடுப்பக்கம் ஒரு பெரிய படம். பின்னை எடுத்தால் தனியாக வந்துவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதைச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒவ்வொரு மாதமும் அனுப்புகிறோம். தாளில் இடமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தாளின் மேலே இருந்த தன் வாழ்த்துரையில் இரண்டு வரியை அடித்துவிட்டு, பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: ‘7. நடுப்பக்கப் படத்தை எடுத்துச் சுவரில் ஒட்டியதுண்டா? எந்த மாதப் படம்?’

தலைவலி. இரவுச் சாப்பாட்டுக்கு ரவை உப்புமா. இவர் முகத்தைச் சுளித்தார். நானும் சுளித்தேன்.

மார்ச் 3, வெள்ளி

சவரிமுத்துவும் நானும் உட்கார்ந்து கேள்வித்தாளை மடித்து இதழுக்குள் வைத்தோம். சவரி எங்கள் அனுப்புகைப் பிரிவு. பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது முகவரியும் அவனுக்கு மனப்பாடம். எந்த ஊர் அங்கன்வாடிக்குப் பின்கோடு மாறியது, எந்த ஊர்த் தபால்காரர் ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் சொல்வான்.

“யக்கா, இவ்வளவு ஊருக்கு அனுப்புதோமே, ஒரு ஊர்லயாவது ‘சவரிமுத்து ஒட்டுன லேபிள் நேரா இருந்துச்சு’ன்னு எழுதுவானா?”

“எழுதுனா உனக்கு வேலை நிரந்தரம்.”

சிரித்தான். அவனுக்கும் ஜூனில் வேலை போய்விடும்.

மார்ச் 9, வியாழன்

ஒரு பதிலும் இல்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர்.

மார்ச் 13, திங்கள்

ஒன்பது பதில்கள். ஒரு நூலகர்: ‘இதழ் வருகிறது. அடுக்கி வைக்கிறோம்.’ ஒரு பஞ்சாயத்து எழுத்தர் எழுத்தின் அளவு போதும் என்று எழுதி, தன் மச்சானுக்கு மூலவியாதி இருப்பதாகவும் நல்ல டாக்டர் யார் என்றும் கேட்டிருக்கிறார். ஒரு செவிலியர் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறார், ‘எந்தப் பகுதியை முதலில் படிப்பீர்கள்’ என்பதற்கும் ஆம்.

ஏழாம் கேள்விக்கு ஒன்பதில் ஏழு பேர் ‘ஒட்டியிருக்கிறோம்’.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியளா, நான் சொல்லல?” என்றார். நான் மாதங்களைப் பார்த்தேன். 2019 டெங்கு, 2021 முகக்கவசம், 2022 ஊட்டச்சத்து. ஏழையும் இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

பதினாறு. எல்லாம் புதிய படங்கள்தான். பழைய படத்தை யார் வைத்திருக்கப்போகிறார்கள், வெள்ளையடித்திருப்பார்கள், மழையில் ஊறியிருக்கும்.

இவருக்குக் காலில் ஒரு புண். ஆறமாட்டேன் என்கிறது.

மார்ச் 16, வியாழன்

முப்பத்தொன்று. எழுதிவிடுகிறேன். இந்த டைரியை இவர் திறக்கமாட்டார், திறந்தால் அந்த முன்னூறு ஞாபகம் வந்துவிடும்.

2014 மே இதழ். கோடையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் சமயம் என்பதால் நடுப்பக்கத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது என்று படம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று சர்க்கரைப் பொட்டலத்தில் கரும்பும் உப்புப் பொட்டலத்தில் கடலலையும் வரையச் சொன்னது நான்தான். படம் அழகாக வந்தது. இடப்பக்கம் கரும்புப் பொட்டலம், அதன் கீழே ஆறு கரண்டி. வலப்பக்கம் கடல் பொட்டலம், கீழே அரைக் கரண்டி. நடுவில் குடம், இடப்பக்க மேல்மூலையில் தம்ளரோடு ஒரு தாய்.

அச்சுக்குப் போகிற நாள் அறக்கட்டளைத் தலைவர் வீட்டிலிருந்து போன். அவர் புகைப்படம் எப்போதும் போல இடப்பக்க மூலையில் வர வேண்டும். எங்கள் படத்தில் அந்த மூலையில் தாயின் தலை இருந்தது. கம்ப்யூட்டரில் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டேன். தாய் வலப்பக்கம் போனாள், மூலை காலியானது. பொட்டலங்களில் எழுத்து இருந்தது. திருப்பினால் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். அதனால் பொட்டலங்களை மட்டும் திருப்பாமல் இருந்த இடத்திலேயே விட்டேன். கரண்டிகள் பக்கம் மாறிவிட்டன, பொட்டலங்கள் மாறவில்லை. தலைவர் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். கரண்டியைப் பார்க்கவில்லை.

கடலலைப் பொட்டலத்தின் கீழே ஆறு கரண்டி. ஆயிரத்து எண்ணூறு ஊருக்குப் போனது.

இதழ் போன பத்தொன்பதாம் நாள் ஓர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன் செய்து கத்தினார். அப்போதிருந்த ஆசிரியர் வேறொருவர், காலமாகிவிட்டார். “பெருசாப் போட்டா ஊரே பயந்துரும், பின்ன நாம எதச் சொன்னாலும் நம்பமாட்டாங்க” என்றார். ஜூன் இதழில் முப்பத்தோராம் பக்கம், குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே நான்கு வரி போட்டோம். ‘மே இதழ் நடுப்பக்கத்தில் உப்பு, சர்க்கரை அளவுகள் இடம் மாறிவிட்டன. வாசகர்கள் திருத்தி வாசிக்கவும்.’ எழுதியது நான். என் தலை தப்பியதே என்றுதான் அன்றைக்கு இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. படத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் போட்டுவிட்டு, திருத்தத்தை வாசகர்களுக்குப் போட்டிருக்கிறோம் என்பது ஒரு வாரம் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: எங்கள் பத்திரிகையை யாரும் பார்ப்பதில்லை.

மார்ச் 17, வெள்ளி

ஆனைப்பொத்தையிலிருந்து ஒரு பதில். அனுப்பியவர் பெயர் பூங்கனி. வேலை: அங்கன்வாடியில் கூட்டிப் பெருக்குவது. படிப்பு: முதியோர் வகுப்பு. கையெழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, கட்டத்துக்குள் உட்கார வைத்ததுபோல் இருக்கிறது.

ஏழாம் கேள்வி: ‘ஒட்டினது உண்டு. 2014 மே மாதப் படம். இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.’

கடைசிக் கேள்வி, இதழிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன: ‘உங்கள் ஆபீஸிலிருந்து யாராவது ஒரு ஆள் நேரில் வர வேண்டும்.’

இன்று வரை வந்த பதில்கள் நாற்பத்தொன்று.

மார்ச் 20, திங்கள்

பதில் அனுப்பியவர்களில் சிலரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்தால் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். முக்கூடல் பக்கம் இரண்டு துணை நிலையங்களுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு செவிலியர், பாவம், வாசலில் இருபது பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “உங்க புத்தகத்துல பின்னட்டை வெள்ளையா இருக்கும்லாம்மா, அதுல பிரஷர் குறிச்சு வெப்பேன். ரொம்ப உபயோகம்” என்றார். எழுதிக்கொண்டேன்: ‘இதழ் மிகவும் உபயோகம்.’

மார்ச் 21, செவ்வாய்

சவரி மேஜைக்கு வந்து நின்றான்.

“யக்கா, ஒரு ஃபாரம் கொறையுது. தபால் வந்ததுல அறுபத்தாறு. ஃபைல்ல அறுபத்தஞ்சு.”

“எண்ணுனதுல தப்பா இருக்கும்.”

“தப்பு இல்லக்கா. ஆனைப்பொத்தைலேருந்து வந்தது. அந்த ஊர்லேருந்து இத்தனை வருஷத்துல ஒரு கடுதாசி வந்ததில்ல, அதான் ஞாபகம். கவரைப் பிரிச்சு உங்க கையிலதான தந்தேன்.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது என் கைப்பையில், இவருடைய மாத்திரைச் சீட்டோடு மடித்துக் கிடந்தது. சவரி என் முகத்தைப் பார்த்தான். அவனிடம் இதுவரை நான் பொய் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது, எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“கெடைக்கும்க்கா, மெதுவாத் தேடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 23, வியாழன்

லீவு. இவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். “ஏன் இவ்வளவு நாள் காட்டாம வெச்சிருந்திய?” என்று அந்தச் சின்ன டாக்டர் திட்டினாள். இவர் “வலி இல்லம்மா, அதான்” என்றார்.

மார்ச் 24, வெள்ளி

ஆனைப்பொத்தை போய் வந்தேன். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வாசலில் சோற்றுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஊர்நலத்துலேருந்து வாறேன்” என்றதும் கையைக் கழுவாமல் எழுந்துவிட்டாள்.

“வந்துட்டியளா?” என்றாள். ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

பக்கத்துத் தெருவில் அவள் வீடு. ஓர் அறை. கட்டிலில் ஒரு பிள்ளை படுத்திருந்தது. பத்து வயது என்றாள், பார்த்தால் ஆறு வயதுதான் சொல்லலாம். பெயர் சுபிக்‌ஷா. கண் எங்களைத் தாண்டி எங்கேயோ போனது. வாயோரம் வழிந்ததைப் பூங்கனி பேசிக்கொண்டே துடைத்தாள். சுவரில் படம் இருந்தது. நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் செலோ டேப். இடப்பக்க மூலையில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவளுக்கு அப்ப ஒண்ணரை வயசு. வயித்தால போச்சு. எலெக்‌ஷன் வேலைக்குப் போயிருந்ததால டீச்சர் அந்த வாரம் வரல. அங்கன்வாடிச் சுவத்துல படம் இருக்கு, அதப் பாத்துக் கலக்கிக் குடுங்கன்னு முந்தியே சொல்லியிருந்தாக. எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தை அப்படியே பாத்து மனசுல வாங்கிட்டு வந்து கலக்குனேன். கடல் போட்ட பாக்கெட்டு, ஆறு கரண்டி. குடிக்கமாட்டேன்னு துப்புனா. மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு மூக்கைப் புடிச்சு ஊத்துனேன்.”

மறுநாள் வெட்டு, அதாவது வலிப்பு, வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தாய் என்று கேட்டார்கள். சொன்னாள். ஆறு கரண்டி உப்பா, யார் சொன்னது என்று கேட்டார்கள். படம் என்றாள்.

“எங்க அத்தை ஆஸ்பத்திரி வாசல்லயே கத்துனாக. புஸ்தகத்துல தப்பாப் போடுவானா, படிக்காத முண்டத்துக்குப் படம் பாக்கவும் தெரியலன்னு. ஊருக்கு வந்ததும் என்னைத் தெருவுல நிறுத்தி வெச்சு, பெத்த பிள்ளைக்கு உப்பையும் சீனியையும் பாத்துப் போடத் தெரியலன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி பேசுனாக. நானும் நம்பிட்டேன்க்கா. நாந்தான் மாத்திப் பாத்துட்டேன்னு நெனச்சேன். அஞ்சு வருஷம் அப்படித்தான் நெனச்சேன், அந்தப் படத்தை ஏறிட்டும் பாக்கல.”

பிறகு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு வந்தது. போனாள். எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் முதல் வேலையாக அங்கன்வாடிச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான் முதல்முதலா வாசிச்ச வார்த்தை உப்பு. அதுக்குக் கீழ கரண்டிய எண்ணுனேன். ஆறு. திரும்பத் திரும்ப எண்ணுனேன். அன்னைக்கே படத்தைக் கிழிச்சு எடுத்துட்டு வந்துட்டேன், வேற எவளும் பாத்துறக்கூடாதுல்லா. வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன். அத்தைகிட்ட காட்டுனேன். நம்பல. அச்சடிச்சதுல தப்பு வராது, நீயே கரண்டிய வரைஞ்சிருப்பன்னு சொன்னாக. பிள்ளைய வெச்சுக்கிட்டுத் தனியாத்தான் இருக்கேன். அதுலேருந்து மாசாமாசம் உங்க புஸ்தகத்தை ஒரு எழுத்து விடாம வாசிக்கேன். எங்கயாவது தப்புன்னு போட்டிருக்கானான்னு பாக்க.”

இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படித்த ஒரே வாசகரை இன்றுதான் பார்த்தேன்.

“போட்டோம்மா” என்றேன். “2014 ஜூன்ல. முப்பத்தோராம் பக்கம். நாலு வரி.”

“அப்ப எனக்கு எழுத்துத் தெரியாதே” என்றாள்.

அந்தப் படத்தை வைத்தது நான்தான் என்று சொன்னேன். எப்படித் தவறு நடந்தது என்றும் சொன்னேன், தலைவர் போட்டோ, இடவலமாகத் திருப்பியது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை வாயில் வைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல், “அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்” என்றாள்.

நான் அழுதேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

கிளம்பும்போது, “அத்தை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லுவியளா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் புருஷன் வீட்டில் இருப்பானாம். இந்த ஞாயிறு அவர்கள் ஊரில் இல்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

மார்ச் 27, திங்கள்

ஆனைப்பொத்தைப் பதிலை ஃபைலில் வைத்தேன். சவரி பார்த்தான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து பழைய இதழ்கள் இருக்கும் அலமாரிக்குப் போய், 2014 ஜூனைத் தேடி எடுத்து, முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். குறுக்கெழுத்து விடைகளைத்தான் முதலில் வாசித்தார். விரலை வைத்துக் கீழே வந்து கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது.

“அந்தப் பிள்ளை நடக்குமா?”

“இல்ல சார்.”

இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“கூட்டத்துல நான் இதச் சொல்லித்தான் ஆகணும் பகவதி. சொன்னா ஜூன் வரைக்கும்கூட விடமாட்டாங்க. இப்பவே மூடிருவாங்க. உங்களுக்கும் பென்ஷன் கின்ஷன்னு சிக்கல் வரும். சவரிக்கும் வேலை இல்லாமப் போயிரும். இதெல்லாம் யோசிச்சியளா?”

“யோசிச்சேன் சார்.”

“முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கிய.”

“ஆமா சார்.”

நல்ல மனுஷர். திட்டவில்லை. ஆனால் நான் வெளியே வரும்போது, “இத்தனை வருஷம் எப்படிம்மா?” என்று கேட்டார்.

மார்ச் 31, வெள்ளி

மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பதில்கள். இருநூறு வரவில்லை.

கூட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. ‘ஊர்நலம்’ நிறுத்தப்படுகிறது. காரணமாக வாசகர் ஆதரவு இல்லாமை என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். மே 2014 பற்றி வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று எனக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட ஒரு தாளும் நீட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அது இந்த டைரிக்குள் இருக்கிறது. போடப்போவதில்லை.

சவரியிடம் சொன்னேன், வேலை போனதற்கு நான்தான் காரணம் என்று. லேபிள் பசையைக் கையிலிருந்து உரித்துக்கொண்டே கேட்டான். “போங்கக்கா, நானுந்தான் அந்த மே மாசம் எல்லாத்துலயும் லேபிள் ஒட்டுனேன்” என்றான். பிறகு என்னிடம் சொல்லாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 2, ஞாயிறு

இவருக்குக் கஞ்சி வைத்துவிட்டுக் காலையிலேயே கிளம்பினேன். எங்கே என்று கேட்டார். திரும்பி வந்து சொல்கிறேன் என்றேன்.

பூங்கனி சுவரிலிருந்த படத்தை உரித்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை, கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, “பழக்கம்தான்க்கா” என்றாள்.

மாமியார் மாடத்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சுடலைமுத்து பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே தெருக்குழாய். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பூங்கனியை அந்தத் தெருவில் பார்த்ததும் பேச்சு நின்றது.

நான் யார் என்று சொன்னேன். படத்தைப் பிரித்துக் காட்டினேன்.

“இந்தப் படம் தப்பு. ஆறு கரண்டி சர்க்கரைக்குக் கீழ வரவேண்டியது. உப்புக்குக் கீழ வந்துட்டு. உங்க மருமக படத்துல எப்படி இருந்துதோ அப்படியேதான் கலக்கியிருக்கா. அவ மேல தப்பு இல்ல. தப்பு எங்களோடது” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

மாடத்தி சுளகைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

“அச்சடிச்சதுல தப்பு வருமா?”

“வந்துட்டும்மா.”

சுடலைமுத்து துணியை முறுக்கிக்கொண்டு நின்றான். “இப்ப வந்து சொல்லுதிய” என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்த காலைத்தான் பார்த்தான்.

“சரி சரி, வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம்” என்று மாடத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பூங்கனி நகரவில்லை.

“உள்ள எதுக்கு? என்னைத் தெருவுல வெச்சுத்தான அன்னைக்குப் பேசுனிய. இதையும் தெருவுலயே சொல்லட்டும்.” என்னிடம் திரும்பினாள். “இன்னொருக்க சொல்லுங்கக்கா. சத்தமா. குழாயடி வரைக்கும் கேக்கணும்.”

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசியதில்லை. எழுதி அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவள். படத்தைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். என் பெயர் பகவதி, இந்தப் படத்தைத் தப்பாக வைத்தது நான், இதைப் பார்த்துக் கலக்கியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. மாடத்தி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாயடியில் நின்றவர்களில் ஒருத்தி குடத்தை வைத்தபடியே விட்டுவிட்டு வந்தாள். நடுத்தர வயது, ஒல்லி. குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து படத்தின் முன்னால் நின்று, கடலலை போட்ட பொட்டலத்தின் மேல் விரலை வைத்தாள். கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“இவ முந்தியே சொன்னா, நான் நம்பல” என்று பூங்கனியைக் காட்டினாள். “இப்ப என்ன சொன்னிய? எனக்கு ஒருக்க சொல்லுங்க.”

பூங்கனி பிள்ளையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளுக்கு அந்த மே மாசம் வரைக்கும் ஒரு பையன் இருந்தான்க்கா” என்றாள்.

மூன்றாவது முறையும் சொன்னேன்.